பரணிலிருந்து இறங்கிய ரேடியோ செட்

செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ராஜகிரிக் கோட்டையின் முதுகுப் பக்கம் எங்கள் ஊர். மூன்று வருஷத்துக்கு முன்பு அப்பா தவறியதும் அண்ணனும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். கிணற்றில் ஆளுக்குப் பாதி முறை, களத்தை ஒட்டிய நஞ்சை அண்ணனுக்கு, மேட்டு நிலமும் மோட்டார் கொட்டகையும் எனக்கு. பத்திரத்தில் வராத சாமான் பரணில் கிடந்தது. தாத்தா வாங்கிய பிலிப்ஸ் வால்வு ரேடியோ, அப்பா வாங்கிய எச்.எம்.வி. ரெக்கார்டு பிளேயர், சென்னை ரிச்சி தெருவில் சாமான் வாங்கிவந்து உள்ளூரிலேயே கட்டிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர், மரப்பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர், துபாயிலிருந்து வந்த ஒரு டூ-இன்-ஒன், ஒரு தகரப் பெட்டி நிறையத் தட்டுகளும் கேசட்டுகளும். மொத்தத்துக்கும் எங்கள் வீட்டில் ஒரே பெயர்: ரேடியோ செட். "நீயே வெச்சுக்கடா, எனக்கு எதுக்கு அந்தக் குப்பை" என்றார் அண்ணன்.

ரேடியோவோடுதான் எங்கள் வீட்டுக்கு விவசாயச் செய்தி வந்தது. அந்த நாளில் ரேடியோ வைத்திருந்தால் தபால் ஆபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். சின்னப் புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். 1980-களில்தான் அந்த வழக்கம் ஒழிந்தது. தாத்தாவின் லைசென்ஸ் புத்தகம் ரேடியோவின் பின்பலகைக்குள்ளேயே இருந்தது. இப்போதைய பிள்ளைகளிடம் சொன்னால் பாட்டுக் கேட்க லைசென்ஸா என்று சிரிக்கிறார்கள்.

ஆனால் பாட்டு மட்டுமா வந்தது? 1956-ல் புனே பக்கம் கிராமங்களில் ஆட்களை ஒன்றாக உட்காரவைத்து வானொலியில் விவசாய நிகழ்ச்சி கேட்கச் செய்து, கேட்டதைப் பேசவும் வைத்துப் பார்த்தார்கள். 1959-ல் அது நாடு முழுவதும் பரவியது. அறுபதுகளில் வந்த ஆடுதுறை 27 நெல்லைப் பற்றித் தஞ்சாவூர் விவசாயிகள் வானொலியில் கேட்டே தெரிந்துகொண்டதால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பேர் விழுந்துவிட்டது. ஒரு ரகத்துக்குப் பெட்டியின் பேர் வந்தது வேறு எங்கும் உண்டா, தெரிந்த வாசகர்கள் எழுதலாம். எங்கள் திண்ணையிலும் சாயங்காலம் பத்துப் பேர் உட்காருவார்கள். டயலில் சென்னை நிலையம் இருக்கும் இடத்தில் தாத்தா குங்குமம் வைத்திருந்தார். 720 கிலோஹெர்ட்ஸ் என்பது மீட்டர் கணக்கில் சுமார் 416. பழைய ரேடியோக்களில் மீட்டர் எண்தான் இருக்கும். புதிதாக ஒன்றைக் கையில் எடுப்பவர்கள் எண் புரியவில்லையே என்று குழம்ப வேண்டாம். மூன்று லட்சத்தைக் கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டர் வந்துவிடும்.

பரணிலிருந்து இறக்கியதும் வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியன் பிளக்கைக் கையில் எடுத்தார். வேண்டாம் என்று தடுத்தேன். சின்ன வயதில் செஞ்சிக் கடைத்தெருவில் ஒரு ரேடியோ கடையில் இரண்டு கோடை விடுமுறை சாலிடரிங் கம்பி பிடித்திருக்கிறேன். அந்தக் கடைக்காரப் பெரியவர் இன்னும் இருக்கிறார். எழுபத்தைந்து வயது, கண்ணுக்கு லென்ஸ் வைத்திருக்கிறார், கை மட்டும் நடுங்கவில்லை. அவரைத்தான் போய் அழைத்து வந்தேன். பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது குளவிக்கூடு. அப்புறம் பல்லி முட்டை ஓடுகள். எலி ஒரு ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பாதி தின்றிருந்தது.

"இருபது வருஷம் தூங்குனவனை அடிச்சு எழுப்பக்கூடாது தம்பி, மெதுவாத்தான் எழுப்பணும்" என்றார். அதற்கு அவர் செய்தது சீரியஸ் பல்பு. வருகிற கரண்ட் 60 வாட் குண்டு பல்பு வழியாகப் போய்ச் செட்டுக்குள் நுழையும்படி ஒரு பலகையில் கட்டுவது. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், செட் பிழைத்துக்கொள்ளும். ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் பெரும்பாலும் பயமில்லை. இழை உள்ள பழைய பல்பாகத்தான் இருக்க வேண்டும், எல்.இ.டி. உதவாது. இப்போது அந்தக் குண்டு பல்பைத் தேடுவதுதான் பெரிய வேலையாக இருக்கிறது. நாங்கள் கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்ட வைத்திருந்ததைக் கழற்றினோம்.

எங்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் பல்பு மங்கவில்லை. காரணம் கண்டென்சர். உள்ளே ஈரப்பசையாக ஒரு திரவம் இருக்கும் உருளை வகை அது. வேலை செய்யாமல் கிடந்தால் காய்ந்துபோகும், அல்லது தலை உப்பி ஒழுகும். மாற்றும்போது மைக்ரோஃபாரட் எண் பழையதைப் போலவே இருக்க வேண்டும். வோல்ட் எண் மட்டும் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையவே கூடாது. கூட்டல் கழித்தல் மாறினால் வெடிக்கும். இரண்டு பெரிய கண்டென்சரும் ஏழெட்டுச் சிறியதும் மாற்றினோம். பவர் டிரான்சிஸ்டர் நான்கும், அந்தக் காலத்தில் ஊர்ப்பக்க செட்டுகளில் எல்லாம் இருந்த 2என்3055, ஒன்றுகூடக் கெடவில்லை. திருகினால் கரகரவென்ற வால்யூம் கண்ட்ரோலுக்குக் கான்டாக்ட் கிளீனர் அடித்து முப்பது தடவை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் திருகியதும் வாயை மூடிக்கொண்டது.

வால்வு ரேடியோ வைத்திருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அதற்குள் 250 வோல்ட் அளவுக்கு டி.சி. ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும். ஏசி-டிசி இரண்டிலும் ஓடும் சில பழைய மாடல்களில் உள்ளே இருக்கும் தகடே நேராகக் கரண்டில் இருக்கும், தொட்டால் ஆளையே தூக்கிவிடும். மோட்டார் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்க்கிற தைரியத்தில் இதைத் திறக்காதீர்கள். தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

ஸ்பீக்கர் கதை சுலபம். எலி தின்றதற்குப் பதில் அதே எட்டு அங்குலம், அதே எட்டு ஓம் வாங்கிப் போட்டோம். நான்கு ஓம் போட்டால் ஆம்ப்ளிஃபயர் தேவைக்கு மேல் சூடாகும். பிறகு இரண்டும் ஒரே திசையில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு டார்ச் செல் போதும். ஒயரின் இரண்டு முனையையும் செல்லில் ஒரு நொடி தொட்டால் கூம்பு வெளியே தள்ளும் அல்லது உள்ளே இழுக்கும். வெளியே தள்ளும்போது செல்லின் கூட்டல் பக்கம் எந்த ஒயரோ அதற்குச் சிவப்பு நூல் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பெட்டிக்கும் சிவப்பு சிவப்போடு போக வேண்டும். ஒன்று மாறினால் தவில் சத்தமே காணாமல் போய்விடும், பாட்டு தகர டப்பாவில் பாடுவது போல இருக்கும். ஊரில் பல பேர் நல்ல செட்டை இதனால்தான் கெட்டது என்று எடைக்குப் போட்டார்கள்.

பெட்டிகளைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, உட்காருகிறவர் காது உயரத்துக்கு வைத்தோம். முதலில் கூடத்தில் வைத்தபோது எதிரொலி தாங்கவில்லை, காரைத் தரை, வெறுஞ்சுவர். மல்லாட்டை மூட்டை அடுக்கியிருந்த அறைக்கு மாற்றியதும் சத்தம் தெளிந்துவிட்டது. சாக்கு மூட்டை எதிரொலியைக் குடித்துவிடுகிறது. பட்டணத்தில் இதற்காகச் சுவருக்குப் பஞ்சுப் பலகை அடிப்பார்களாம். எங்களுக்கு விலை ஏறும் வரை மூட்டை இருக்கும், அதுவரை நல்ல சத்தமும் இருக்கும்.

ரெக்கார்டு பிளேயரில் கெட்டிருந்தது ரப்பர் சக்கரம். மோட்டார் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்துவது அதுதான். இறுகிக் கண்ணாடி போல் ஆகியிருந்தது. மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மோட்டார் அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரே சொட்டு. ரப்பரில் எண்ணெய் பட்டுவிடக்கூடாது. முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலம், எல்.பி. தட்டின் பள்ளம் அதைவிட மிகக் குறுகலாக இருக்கும். அதனால் பல பிளேயர்களில் முள் முனையில் திருப்பும் பிடி ஒன்று இருக்கும், ஒரு பக்கம் 78, மறுபக்கம் எல்.பி. மாற்றிப் போட்டால் இரைச்சல்தான் வரும், தட்டும் தேயும். இதில் இருந்தது பீங்கான் கார்ட்ரிட்ஜ். அதன் சத்தம் நேராக ஆம்ப்ளிஃபயருக்குப் போதும். காந்த வகை வாங்கி மாட்டினால் ஓசை நூறில் ஒரு பங்குதான் வரும், நடுவில் தனி பிரீஆம்ப் வேண்டும். இது தெரியாமல் புது கார்ட்ரிட்ஜுக்குப் பணம் கொடுத்துவிட்டுச் சத்தமே இல்லை என்று நிற்பவர்கள் உண்டு.

தகரப் பெட்டியில் இருந்த தட்டுகளில் பாதி 78. 1960-ல் வந்த ராஜா தேசிங்கு படப்பாட்டும் அதில் ஒன்று. செஞ்சிக்காரர் வீட்டில் அது இல்லாமல் இருக்குமா? 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இறந்த அந்த இளைஞனை எங்கள் பக்கத்துக் கூத்துக்காரர்கள் இன்னும் சாகவிடவில்லை. அந்தத் தட்டைத் துடைக்க எலக்ட்ரீஷியன் ஸ்பிரிட் பாட்டிலோடு வந்தார். பெரியவர் அவர் கையைத் தட்டிவிட்டார். காரணத்தை நம் வாசகர்கள் ரசிப்பீர்கள். 78 தட்டு அரக்கில் செய்தது. இலந்தை, புரசு, பூவம் மரக்கொம்புகளில் அரக்குப் பூச்சி சுரக்கிறதே, அதே அரக்கு. அதோடு கல்மாவு, கரி கலந்து அச்சில் அழுத்தினால் தட்டு. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரைந்துவிடும், பாட்டும் போய்விடும். ராஞ்சியில் 1924-லேயே அரக்குக்கென்று ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள் என்றால் அந்தப் பூச்சிக்கு இருந்த மதிப்பைப் பாருங்கள். உலகம் முழுக்கப் பாடிய பாகவதர்களும் மேல்நாட்டுப் பாடகர்களும் நம் நாட்டு மரக்கொம்புப் பூச்சியின் முதுகில்தான் பாடியிருக்கிறார்கள். 1948-ல் பிளாஸ்டிக் எல்.பி. தட்டு வந்து மெல்ல மெல்ல அந்தக் கிராக்கி போயிற்று. இரண்டு வகைத் தட்டுக்கும் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு கலந்த பேட்டரித் தண்ணீரும் பழைய வேட்டித் துணியும் போதும். பள்ளம் போகும் வட்டத்திலேயே துடைக்க வேண்டும். நடுக் காகிதம் நனையக்கூடாது.

இவ்வளவும் நடந்தது ஒரு பக்கம். நான் உண்மையில் பயந்தது டூ-இன்-ஒன்னுக்கும் ஒரு கேசட்டுக்கும்தான்.

அதன் அட்டையில் அப்பா கையெழுத்தில் 'நடவு 86' என்று இருந்தது. அந்த வருஷம் புரட்டாசியில் அப்பா டூ-இன்-ஒன்னை வயலுக்கே கொண்டுவந்தார். வரப்பில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றது நான், பதின்மூன்று வயது. நடவுப் பாட்டு எடுத்துக் கொடுத்தது அம்மா. பின்பாட்டு அத்தையும் பத்துப் பெண்களும். தங்கச்சிக்கு ஒரு வயது, புங்கமரத்தில் தூளி கட்டிப் போட்டிருந்தோம். 1989-ல் அம்மா தவறிவிட்டார். தங்கச்சிக்கு அப்போது நான்கு வயது. முகத்தைப் பார்க்க ஒரு கல்யாணப் போட்டோ இருக்கிறது. குரல்தான் அவளுக்குத் தெரியாது. "அண்ணா, அம்மா எப்படிப் பேசும்?" என்று சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கேட்பாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாள். அம்மாவுக்குப் பின் அப்பா அந்தக் கேசட்டைப் போடவே இல்லை.

இதற்கிடையில் கோட்டைக்கு 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்ன அங்கீகாரம் கிடைத்ததும் பழஞ்சாமான் தேடி ஆட்கள் காரில் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் ரேடியோவுக்கும் பெட்டியோடு எல்லாவற்றுக்கும் சேர்த்து நல்ல விலை கேட்டார். பையனின் காலேஜ் பணத்துக்கு அலைந்த நேரம், வேண்டாம் என்று சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. விற்கிறவர்கள் விற்கலாம், அதில் தப்பில்லை. பெட்டிக்குள் இருக்கும் கேசட்டை மட்டும் தனியே எடுத்துவைத்துவிட்டு விற்றுவிடுங்கள்.

புது டேப் ரெக்கார்டர் வாங்கி அதில் போட்டால் ஆகாதா என்று பெரியவரைக் கேட்டேன். பதிவு செய்யும் ஹெட் எந்தச் சாய்வில் நின்று நாடாவில் எழுதியதோ அதே சாய்வில் இருக்கும் ஹெட்தான் சுத்தமாகப் படிக்கும், வேறு செட்டில் போட்டால் போர்வைக்குள் பாடுவது போல இருக்கும், எழுதின செட் வீட்டிலேயே இருக்கும்போது அதைப் பிழைக்கவைப்பதுதான் முறை என்றார். உள்ளே பெல்ட் கூழாகி ஒட்டியிருந்தது. ஒவ்வொரு சக்கரமாகத் துடைத்துப் புது பெல்ட் போட்டார். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். இங்கே ஸ்பிரிட் ஆகும்.

கேசட்டில் வெள்ளைப் பூஞ்சணம். உள்ளே நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்னப் பஞ்சுத்துண்டு உதிர்ந்திருந்தது. அது இல்லாவிட்டால் சத்தம் வந்து வந்து போகும். திருகு இல்லாத ஒட்டுக் கேசட் வேறு. பெரியவர் பிளேடால் விளிம்பைப் பிளந்து, இரண்டு சுருளையும் எடுத்து, திருகு உள்ள வேறு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றினார். அரைமணி நேரம் யாரும் மூச்சுவிடவில்லை. பூஞ்சணத்தை உலர்ந்த மென்துணியால் மெல்ல ஒற்றி எடுத்து, முழுதும் ஒருமுறை கையால் பென்சில் வைத்துச் சுற்றினோம். செட்டின் வேகத்தைக் கடையில் வாங்கிய பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டைப் போட்டுச் சரிபார்த்தோம். மோட்டாரின் பின்னால் சின்னத் துளை ஒன்று இருக்கும், அதற்குள் மெல்லிய திருப்புளியால் தொட்டால் வேகம் கூடும், குறையும். முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிவாக வேண்டும், இரண்டாவது ஓட்டத்துக்கு நாடா தாங்குமோ தாங்காதோ. என் மகன் இயர்போன் துளையிலிருந்து ஒயர் எடுத்து யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு வழியாக லேப்டாப்பில் பூட்டினான். பெரிய அத்தையும் தங்கச்சியும் வந்து மூட்டை மேல் உட்கார்ந்தார்கள்.

பாட்டு வந்தது. தண்ணீர்ச் சத்தம், பெண்கள் சிரிப்பு, எல்லாம் தெளிவு. ஆனால் குரல்கள் கீச்சுக் கீச்சென்று சின்னப் பிள்ளைகள் பாடுவது போல இருந்தது. தங்கச்சி என் முகத்தைப் பார்த்தாள். அத்தை உடனே, "இது உங்கம்மா குரல் இல்லடா, அவளுக்குக் கனத்த குரலு" என்றார். பெரியவர் புரிந்துகொண்டார். அன்று அப்பா போட்டது டார்ச்சிலிருந்து எடுத்த பழைய செல்லாக இருந்திருக்கும். செல் இறங்கினால் மோட்டார் மெதுவாக ஓடும். மெதுவாக எழுதியதைச் சரியான வேகத்தில் படித்தால் குரல் மெலிந்து ஓடும். நாடா முழுதும் பதிவானதும் மகன் லேப்டாப்பில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் குறைத்துப் போட்டுக் காட்டினான். அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம்... இன்னும்... அய்யோ அவ்ளோ இல்ல, மேல போ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்த வயலில் பக்கத்தில் குனிந்து நட்டவர் அவர் ஒருவர்தான் மிச்சம். எந்த மீட்டரிலும் அந்த அளவு இல்லை. ஓர் இடத்தில் வந்ததும், "இதான்" என்றார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நாலாவது பாட்டின் நடுவில் குழந்தை அழுகிறது. அம்மா பாட்டை நிறுத்திவிட்டு வரப்பைப் பார்த்து ஏதோ சொல்கிறார், மற்றவர்கள் பாட்டை விடாமல் தொடர்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று, அம்மா மறுபடி சேர்ந்துகொள்கிறார். அழுதது தான்தான் என்று தங்கச்சிக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள்.

இப்போது செட் தினமும் ஓடுகிறது. ஆம்ப்ளிஃபயரின் பின்னால் ஒரு புளூடூத் போர்டு வைத்திருக்கிறோம். கைபேசியில் வரும் வேளாண் பேச்சு, மார்க்கெட் நிலவரம் எல்லாம் களம் வரை கேட்கிறது. போர்டைப் பழைய ஒயரை வெட்டாமல் பின்பக்கத்து காலித் துளையில் பூட்டினோம், வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். பழைய இரண்டு பின் ஒயரை எடுத்துவிட்டு எர்த் உள்ள மூன்று பின் ஒயரும் ஃபியூஸும் போட்டதில் ஹம் சத்தமும் போயிற்று. சாயங்காலம் மோட்டார்கள் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், அதற்கு ஒரு ஸ்டெபிலைசர். மாதம் இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். வேலை செய்கிற செட்டில் குளவி கூடு கட்டாது.

அண்ணன் வந்து தட்டு போடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போகிறார். தகரப் பெட்டியில் இன்னும் பதினொரு கேசட் இருக்கிறது. மூன்றின் மேல் எதுவும் எழுதவில்லை. மல்லாட்டைக்குக் களை எடுத்து முடித்ததும் பெரியவரை அழைத்து வர வேண்டும்.